மதில் கட்டின மருமோனுக்கு

மருமோன், உன்ரை வீட்டைச் சுத்திவந்து பாத்தன். குறை சொல்ல ஒண்டுமில்லை. மதில் எங்கட பிள்ளையார் கோயில் மதிலைவிட ஒரு முழம் உயரம். பிள்ளையார் கோவிக்கமாட்டார், அவர் பழைய ஆள். படலை இருந்த இடத்திலை ரிமோட் கேற். நாலு மூலைக்கும் கமரா. கூரையிலை சோலார். ரெண்டு அறைக்கு ஏசி, விறாந்தையிலை ஒரு ஆள் நீளத்துக்கு ரிவி. மாபிளுக்கு எவ்வளவு முடிஞ்சுது எண்டு உன்ரை மனிசி என்ரை மனிசிக்குச் சொல்லி, என்ரை மனிசி சந்தைக்குப் போய்வந்து, இப்ப ஊரிலை தெரியாத ஆள் இல்லை. நல்லாயிருக்கட்டும்.

நான் தேடினது ஒரு கம்பி. கோடிப்பக்கம், குசினிச் சுவராலை ஒரு பச்சை வயர் இறங்கி வந்து நிலத்திலை ஒரு கம்பியோடை முடியுது. காலாலை தட்டினன், ஆடிச்சுது. கையாலை இழுத்தன், கையோடை வந்திட்டுது. ரெண்டடி. மிச்சம் எங்கை எண்டு வயரிங் பொடியனைக் கேட்டால், "கல்லு முட்டிச்சுது ஐயா, அறுத்துப்போட்டன்" எண்டு சொல்லுறான். யாழ்ப்பாணத்திலை மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்லு முட்டும் எண்டது ஏதோ அவன் போன கிழமை கண்டுபிடிச்ச புதினம் போலை! கிணறு வெட்டின எங்கட பாட்டன் பூட்டன்மார் ஆரும் "கல்லு முட்டிச்சுது" எண்டு திரும்பி வரேல்லை.

ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான் உன்ரை கதையும். உந்த ரிவி, கமரா, ரௌட்டர், சோலாரின்ரை இன்வேட்டர், கேற்றின்ரை மோட்டர், எல்லாத்துக்கும் உயிர் அந்த எர்த்துக் கம்பியிலைதான் கிடக்கு. ஆனால் அது மண்ணுக்குள்ளை போற சாமான். வாறவைக்குக் காட்டேலாது. குடிபூரலுக்கு வந்த சனத்துக்கு மாபிளைக் காட்டலாம், எர்த்தைக் காட்டேலுமோ?

உனக்கு ஒரு விசயம் தெரியாது எண்டு நினைக்கிறன். மின்சார சபைக்காரர் உன்ரை மீற்றருக்குக் கொண்டுவந்து தாறது ரெண்டே ரெண்டு வயர்தான். ஒண்டு லைன், மற்றது நியூற்றல். எர்த்து அவையள் தாறதில்லை. அது வீட்டுக்காரன் தன்ரை வளவுக்குள்ளை தானே செய்யவேணும். இலங்கை முழுக்க வீடுகளுக்கு இதுதான் முறை. ஆகவே ஏதும் எரிஞ்சால் சபையை வைய முதல் உன்ரை கோடிப்பக்கத்தை ஒருக்கா எட்டிப் பாக்கவேணும்.

இனிக் கறண்டின்ரை குணத்தைக் கேள். இந்த நாட்டிலை வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற். நூற்றுக்கு ஆறு கூடலாம், ஆறு குறையலாம். அதாவது 216 இலை இருந்து 244 வரைக்கும் ஓடித்திரிய அதுக்குச் சட்டமே இடம் குடுத்திருக்கு. அதுக்கு மேலை திடீரெண்டு ஆயிரக்கணக்கிலை ஒரு பாய்ச்சல் பாயும் பார், அதைத்தான் சேர்ஜ் எண்டுறாங்கள். மின்னல் பக்கத்திலை விழுந்தாலும் வரும். விழவேண்டியது உன்ரை கூரையிலை எண்டில்லை. அங்காலை ஒழுங்கையிலை நிக்கிற பனையிலை விழுந்தாலும், நீட்டிக் கிடக்கிற வயர் எல்லாம் அந்தப் பாய்ச்சலைப் பிடிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளை வரும்.

எங்கட ஊரிலை மலையில்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. தட்டையான தரை. நிமிந்து நிக்கிறது பனையும் கோபுரமும் போன் ரவரும். இப்ப உன்ரை ரெண்டு மாடியும். சித்திரையிலையும் ஐப்பசி கார்த்திகையிலையும் பின்னேரமாப் பாத்து வானம் இருளேக்கை, மேலை நிக்கிறவன் ஆர், உன்னைப்போலை கனடாவிலை இருக்கிறவனோ எண்டு மின்னல் பாக்கிறதில்லை. ஒரு சாதாரண மின்னலிலை 30,000 அம்பியர் ஓடும். உன்ரை சுவரிலை கிடக்கிற பெரிய பிளக்கே 13 அம்பியர்தான். இடி விழுந்த பனையைப் பாத்திருப்பாய். உள்ளை கிடந்த ஈரம் ஒரு நொடியிலை ஆவியாகி வெடிச்சு, வட்டுக்குக் கீழை பிளந்துபோய் நிக்கும்.

"மாமா, அதுக்குத்தான் ரிப் சுவிச் போட்டிருக்கிறன்" எண்டாய். போட்டது நல்லம். அது உன்ரை உயிருக்கு. 30 மில்லி அம்பியர் எர்த்துக்கு ஒழுகினால் விழும், ஆளைக் காப்பாத்தும். ரிவியைக் காப்பாத்தாது. ஒரு செக்கனைப் பத்து லட்சமாப் பிரிச்சால், அதிலை எட்டுப் பங்குக்குள்ளை அந்தப் பாய்ச்சல் உச்சிக்கு ஏறிவிடும். ரிப் சுவிச்சும் பியூஸும் எழும்பிச் சோம்பல் முறிக்க முதல் காரியம் முடிஞ்சிருக்கும்.

அதுக்கு வேற சாமான் இருக்கு. மெயின் சுவிச்சுக்குப் பக்கத்திலை பிரேக்கர் மாதிரியே பூட்டிறது, சேர்ஜ் காட். அதுக்குள்ளை துத்தநாக ஒட்சைட்டிலை செய்த ஒரு வில்லை. 230 வோல்ற்றிலை அது பேசாமல் கிடக்கும். வோல்ற் எகிறின உடனை கதவைத் திறந்து முழுக்கறண்டையும் எர்த்துப் பக்கம் தள்ளிவிடும். மாரியிலை வளவுக்குள்ளை வாற வெள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டி விடுறமே, அந்த வேலைதான். ஆனால் வாய்க்கால் எங்கையோ போய்ச் சேரவேணும். குளத்துக்குப் போகாமல் குசினிக்குப் பின்னாலை ரெண்டடியிலை முடிஞ்சால் வெள்ளம் என்ன செய்யும்? திரும்பி வீட்டுக்குள்ளைதான் வரும். அந்தப் பொடியன் உனக்கு விலை கூடின சேர்ஜ் காட்டும் பூட்டியிருக்கிறான், பாத்தன். பச்சை லைற்றும் எரியுது. வடிவான வாய்க்கால், குளந்தான் இல்லை.

அதோடை அவன் செய்த இன்னொரு கெட்டித்தனம். சேர்ஜ் காட்டிலை இருந்து எர்த்துக்குப் போற வயர் மிஞ்சிப்போச்சுதாம். வெட்டினால் வீணாப்போம் எண்டு வட்டமாச் சுருட்டி, கட்டி, பெட்டிக்குள்ளை வடிவா அடுக்கி வைச்சிருக்கிறான். மருமோன், மின்னல் பாய்ச்சலுக்கு வளைவும் சுருளும் ஆகாது. நேர் வயர் எண்டாலே ஒரு மீற்றர் நீளத்துக்கு ஆயிரம் வோல்ற் கணக்கிலை ஏறி நிக்கும். காட்டுக்கு வாற வயரும் போற வயரும் சேத்து அரை மீற்றருக்குள்ளை இருக்கவேணும் எண்டதுதான் கணக்கு. கட்டையா, நேரா, மொத்தமா. செம்பு வயரிலை சிக்கனம் பிடிக்க ஆயிரம் இடம் இருக்கு. இது அந்த இடமில்லை.

இடி இடிக்கேக்கை எங்கட ஆச்சி "அருச்சுனா, அருச்சுனா" எண்டு சொல்லுவா. அருச்சுனனுக்குப் பத்துப் பேர் இருக்கு. பத்தையும் சொன்னால் இடி வளவுக்குள்ளை வராது எண்டு நம்பிக்கை. அதோடை கண்ணாடியைச் சீலையாலை மூடுவா, ரேடியோவின்ரை ஏரியல் வயரைக் கழட்டி யன்னலுக்கு வெளியாலை எறிஞ்சுவிடுவா. இப்ப யோசிக்கேக்கை, பத்துப் பேரிலை எத்தினை வேலை செய்ததோ தெரியாது, ஏரியலைக் கழட்டினது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் அருச்சுனனையும் விட்டிட்டியள், ஏரியல் கழட்டுறதையும் விட்டிட்டியள்.

அதுக்குப் பதிலா வட்ஸ்அப் வந்திருக்கு. போன மாசம் உன்ரை தங்கச்சி ஒண்டு அனுப்பினவள். கோயில் கலசத்துக்குள்ளை தானியம் போட்டு வைச்சது இடிதாங்கியாம், முன்னோரின்ரை விஞ்ஞானமாம், ஆயிரம் பேருக்கு அனுப்பட்டாம். முன்னோர் கெட்டிக்காரர்தான், அதிலை எனக்குச் சந்தேகமில்லை, என்னைப் பாத்தாலே தெரியுமே. ஆனால் கலசம் மின்னலை இழுக்கும் எண்டே வைப்பம். இழுத்து எங்கை கொண்டுபோய் விடும்? கீழை செங்கல்லும் சாந்தும். மேலை கூர், கூரிலை இருந்து தரைவரைக்கும் அறாத செம்புப் பட்டி, தரைக்குள்ளை நல்ல எர்த்து, மூண்டும் இருந்தால்தான் அது இடிதாங்கி. அமெரிக்காவிலை பெஞ்சமின் பிராங்ளின் 1750 களிலை சொன்னதும் அதைத்தான். கலசத்தோடை பட்டியும் பூட்டின கோயிலுகள் இருக்கு, அவை புத்திசாலிகள். பட்டியில்லாதவை வட்ஸ்அப்பை நம்பிக்கொண்டு நிக்கினம். அதோடை, இடிதாங்கி கட்டிடத்தைக் காப்பாத்துமே தவிர, உள்ளை கிடக்கிற அம்பிளிபயரையும் கமராவையும் காப்பாத்தாது. இடிதாங்கி பூட்டின கட்டிடத்துக்கு மெயினிலை பெரிய வகைச் சேர்ஜ் காட் கட்டாயம் வேணும், ஏனெண்டால் அந்த முழு மின்னலும் உன்ரை எர்த்துக்குத்தானே இறங்குது.

மின்னலை மட்டும் வைஞ்சு பிரயோசனமில்லை. இஞ்சை மின்னலைவிடக் கூடச் சாமான் எரிச்சது ஆரெண்டு கேட்டால், நான் காவோலையைத்தான் காட்டுவன். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் எண்டு என்னைப் பாத்துச் சொல்லுவியள். கறண்ட் லைனுக்கு மேலை காவோலை விழேக்கை ஆரும் சிரிக்கிறதில்லை. ஒழுங்கையாலை போற லைனிலை மூண்டு பேஸும் ஒரு நியூற்றலும் இருக்கு. மூண்டு பேஸையும் வீடு வீடாப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்கள். பேஸுக்கும் நியூற்றலுக்கும் இடையிலை 230, பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலை 400. காத்துக்கு ஓலை விழுந்து நியூற்றல் அறுந்தால், அல்லது போஸ்ற்றிலை அதின்ரை முடிச்சுக் கறள்பிடிச்சு விட்டால், அந்த 400 ஐ வீடுகள் தங்களுக்குள்ளை பிச்சுப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு வீட்டிலை லைற் மங்கும். பக்கத்து வீட்டிலை பூப்போலை எரியும், கொஞ்ச நேரம்.

இதிலை வடிவான அநியாயம் என்ன தெரியுமோ? கறண்டை அள்ளிக்கொட்டிப் பாவிக்கிறவன்ரை பேஸிலை வோல்ற் குறையும். மிச்சம்பிடிக்கிறவன்ரை பேஸிலைதான் ஏறும். ஏசி, ஹீற்றர் எல்லாம் போட்டுக்கொண்டு கிடந்தவனுக்கு ஒண்டுமில்லை. ஒரு லைற்றோடை சிக்கனமாச் சீவிச்சவன்ரை பிறிஜ், ரிவி, பான் எல்லாம் புகை. எங்கட கீழ்வளவுக்காரருக்கு ஒரு மார்கழி ராத்திரி அதுதான் நடந்தது. அவர் ஊரறிஞ்ச இறுக்கம். இப்பவும் அந்தக் கதையை நான் அவருக்கு முன்னாலை சொல்லுறதில்லை, பின்னாலை சொல்லுறன்.

இப்ப உன்னை எடு. வருசத்திலை பதினொரு மாசம் ஸ்கார்பரோவிலை. வீடு பூட்டிக் கிடக்கும். உள்ளை ஓடுறது கமராவும் ரௌட்டரும் ஒரு படலை லைற்றும். இந்த ஒழுங்கையிலை உன்னைவிடச் சிக்கனக்காரன் ஆரும் இல்லை மோனை! நியூற்றல் அறுந்தால் முதல் மரியாதை உனக்குத்தான்.

இதுக்குச் சேர்ஜ் காட் காணாது. அது கண நேரப் பாய்ச்சலுக்குப் பிறந்தது. மணிக்கணக்காய் 350 வோல்ற் நிண்டால் அதுவும் சூடேறிச் செத்துப்போம். நியூற்றலுக்கு மருந்து வேற. வோல்ற் கூடினாலும் குறைஞ்சாலும் வீட்டை முழுக்கக் கழட்டிவிட்டு, சரியானாப் பிறகு ரெண்டு மூண்டு நிமிசம் பொறுத்து மெல்லப் பூட்டுற ஒரு சாமான் மெயின் பெட்டிக்குள்ளை பூட்ட வருது. கடையிலை பிறிஜ் காட் எண்டு விக்கிறது அதின்ரை சின்னத் தம்பி. அந்தப் பொறுமை முக்கியம். கறண்ட் போய்த் திரும்பி வாற முதல் நிமிசம், ஊரிலை இருக்கிற அத்தினை மோட்டரும் ஒண்டா எழும்பி இழுக்கும், வோல்ற் ஏறி இறங்கிக் கூத்தாடும். சேர்ஜ் காட் வாங்கேக்கையும் அதின்ரை நெத்தியிலை என்ன எழுதிக்கிடக்கு எண்டு பார். 275 எண்டது நல்ல ஊருக்கு. எங்கட லைனுக்கு 320 எண்டு போட்டது கொஞ்சம் தாங்கும்.

உன்ரை மச்சான் கனடாவிலை இருந்து கொண்டுவந்த பவர் பாரை நான் மறக்கேல்லை. "இது ஒறிஜினல், சேர்ஜ் புறொட்டெக்ரர் உள்ளுக்கை இருக்கு" எண்டு சபை நடுவிலை பெருமை. அங்கை வீட்டுப் பிளக்கிலை வாறது 120 வோல்ற். அதுக்குள்ளை இருக்கிற வில்லையும் அதுக்கு ஏத்தது. 230 இலை குத்தின உடனை அது வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த சேர்ஜ் இதுதான் எண்டு நினைச்சு முழுக்கக் கதவைத் திறந்திட்டுது. படார் எண்டு ஒரு சத்தம், மணம், புகை. குடிபூரலுக்கு வந்த ஐயர் ஓமம் முடிஞ்சுதெண்டு எழும்பினவர் திரும்ப இருந்திட்டார். அதுக்குள்ளை ரெண்டு முள்ளு அடப்ரர் வேற. எர்த்து முள்ளு இல்லாத அடப்ரரிலை எந்தக் காட்டைக் குத்தினாலும் அது வெறும் மல்ரி பிளக்தான், லைற் எரியும், காசு போகும்.

நாட்டிலை இருந்து வாற கரைச்சலும் இருக்கு. சுன்னாகத்துக்கு இப்ப வவுனியா, கிளிநொச்சி வழியா 132,000 வோல்ற் லைனிலை கறண்ட் வருது. முந்தி எங்களுக்கெண்டு தனி டீசல் மெசின்கள் ஓடினது. அந்தக் காலத்துக்காக ஏங்காதை, சுன்னாகத்துக் கிணறுகளிலை எண்ணெய் மிதந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019 இலைதான் தீர்ப்பு வந்தது. இப்ப முழு நாட்டோடையும் தொடுத்துக் கிடக்கிறம். நல்லது. ஆனால் 2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்திலை ஒரு குரங்கு தொட்டுதெண்டு அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். அதோடை நாடு முழுக்கக் கறண்ட் நிண்டுது. இஞ்சை, நயினாதீவுக்கு வள்ளம் ஏறக் குறிகட்டுவானிலை நிக்கிறவனுக்கும் கறண்ட் இல்லை. அனுமாருக்குப் பிறகு இலங்கையை ஒரே நாளிலை ஆட்டின குரங்கு அதுதான். அவர் கொளுத்தினவர், இவர் அணைச்சவர். அதே வருசம் சித்திரைப் புதுவருச விடுமுறைக்கு, கூரைச் சோலார் வைச்சிருக்கிறவையைப் பின்னேரம் 3 மணிவரை ஓவ் பண்ணச்சொல்லி மின்சார சபை கேட்டது. பாவிக்கிறவன் குறைவு, வெயில் கூட, சோலார் தள்ளுற கறண்டுக்குப் போக இடமில்லை. பாத்தியோ, கடைசியிலை நாட்டுக்கும் அதே கேள்விதான், எங்கை போய்ச் சேருறது?

கறண்டே இல்லாத காலத்தை நீ காணேல்லை, 1990 க்கு முதல் பிளேன் ஏறினனி. சண்டை தொடங்கி இஞ்சை கறண்ட் நிண்டாப் பிறகு, ஜாம் போத்திலுக்குள்ளை துளி மண்ணெண்ணெயும் திரியும் வைச்சுப் பிள்ளையள் ஏ.எல். படிச்சதுகள். பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோக் கறண்டிலை மற்றவை லண்டன் செய்தி கேக்கிறது. சுத்துறவனுக்குக் களைச்சால் குரல் தேஞ்சு போகும். சண்டை எங்கை நடக்குது எண்ட முக்கியமான இடத்திலைதான் அவன் களைப்பான். அப்ப ஒரு ரேடியோவும் சேர்ஜிலை எரியேல்லை. கறண்ட் இல்லாத ஊரிலை அதுவொரு சுகம். அந்தச் சுகத்தைத் திருப்பித் தா எண்டு நான் கேக்கமாட்டன், எனக்குப் பான் வேணும்.

சரி, இனி வேலையைக் கேள். கல்லு முட்டினால் அறுக்கத் தேவையில்லை. ஆழம் போகாட்டில் அகலம் போகலாம். கிணத்தடியிலை இருந்து வாழைப்பாத்திக்குக் குளிக்கிற தண்ணி போகுதெல்லோ, அந்தப் பாத்தி ஓரமா ஒரு முழ ஆழத்திலை நீளக் கான் வெட்டி, வெறும் செம்புப் பட்டியைப் படுக்கப் போடு. கல்லு விட்ட இடங்களிலை மூண்டு நாலு கம்பியை அடிச்சு அதோடை தொடு. ஈரமண்ணிலை எர்த்து நல்லாப் பிடிக்கும். வைகாசி ஆனியிலை செம்மண் வெடிச்சுக் கிடக்கேக்கையும் வாழைக்குத் தண்ணி போகும், எர்த்துக்கும் போகும். முடிஞ்சாப் பிறகு மீற்றர் வைச்சு எத்தினை ஓம் எண்டு அளந்து காட்டச் சொல்லு. அளக்காமல் "நல்லாயிருக்கு ஐயா" எண்டால், காசையும் அளக்காமல் "நல்லாத் தாறன்" எண்டு சொல்லு.

சோலாரின்ரை சட்டம், டிஷ், தண்ணித் தாங்கியின்ரை இரும்பு, கேற், எல்லாம் அந்த ஒரு எர்த்தோடை சேரவேணும். ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாக் கம்பி அடிச்சுத் தொடுக்காமல் விட்டால், மின்னல் நேரத்திலை ஒரு எர்த்துக்கும் மற்ற எர்த்துக்கும் ஆயிரக்கணக்கிலை வோல்ற் வித்தியாசம் வரும். அது போற வழி உன்ரை ரிவிக்குள்ளாலை. குடும்பம் பிரிஞ்சு தனித்தனிச் சமையல் எண்டால் பரவாயில்லை, எர்த்துப் பிரியக்கூடாது. கமரா வயர் மதில் மூலையிலை இருந்து நூறு அடி ஓடிவருது. கறண்ட் பக்கம் மட்டும் காவல் போட்டிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் கள்ளன் கமரா வழியா வருவான். அதுக்கும் ரெண்டு முனையிலையும் சின்னக் காட் இருக்கு. சோலாரின்ரை டீசீ வயருக்கும் தனிக் காட் இருக்கு. அந்தப் பச்சை லைற் சிவப்பானால் வில்லை செத்திட்டுது எண்டு அர்த்தம், மாத்தவேணும். வடிவுக்கு எரியிற லைற்றில்லை அது.

இவ்வளவும் செய்தாலும், ஓட்டிலை நேரா விழுற இடிக்கு முன்னாலை ஒரு காட்டும் முழுக்கக் காவல் இல்லை. கழட்டின பிளக்தான் காவல். மழை தூரத்திலை முழங்கேக்கையே கழட்டவேணும், தலைக்கு மேலை வந்தாப் பிறகு பிளக்கிலை கை வைக்கக் கூடாது. பூட்டின வீட்டிலை அதை ஆர் செய்யிறது எண்டு நீ யோசிக்கிறது எனக்கு விளங்குது. திறப்பு என்னட்டைத் தந்திட்டுத்தானே போகப்போறாய். ஐப்பசியிலை இஞ்சை விடியப்புறம் ரெண்டு மணி, உங்கை பின்னேரம் நாலரை. நீ அங்கை கோப்பியோடை இருந்து கமராவிலை மின்னலைப் பாத்திட்டு, "மாமா, ஒருக்கா ஓடிப்போய் பிளக்கைக் கழட்டிவிடுங்கோ" எண்டு போன் எடுப்பாய். எடுத்துப் பிரயோசனமில்லை மருமோன். மின்னல் நேரத்திலை என்ரை போன் ஓவ்விலை இருக்கும், சார்ஜரையும் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிருப்பன்.